13 லட்சத்துக்கு டிஸ்கவரி, எடுக்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேனுங்க. கோயமுத்தூரில் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 2012 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4 நிற்கிறது. டீசல், சென்னைப் பதிவு, 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 13 லட்சம் சொல்கிறார். இதே பணத்துக்கு 2015 ஃபார்ச்சூனர் வரும், பேசாமல் அதை எடுங்க மாப்பிள்ளை என்கிறார் மச்சான். அப்பாவுக்கு முழங்கால் வலி. பட்டனை அமுக்கியதும் அந்த வண்டி கீழே இறங்கிக் கொடுத்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் ஸ்விஃப்டை விற்றுவிட்டுத்தான் வாங்க வேண்டும். நம்பி வாங்கலாமுங்களா?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: முதலில் ஸ்விஃப்டை விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. புதிதாக விற்றபோது அரைக் கோடியைத் தாண்டிய வண்டி அது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 டீசல் இன்ஜின், ஆனால் நாம் உள்ளே உட்கார்ந்தால் சத்தமே கேட்காது. பின்சீட்டு முன்சீட்டைவிட உயரம் என்பதால் பின்னால் இருப்பவருக்கும் ரோடு தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினாலும் பெரியவர்கள் அலுங்காமல் வருவார்கள். மழைக்குப் பிறகு தாராபுரம் பக்கத்துக் கரிசல் காட்டு வழியில் விட்டால், ரோட்டுக்கு ஏற்ற ஓட்டு முறையை மாற்றுகிற குமிழைத் திருப்பிச் 'சேறு' என்று வைத்துக்கொண்டு போகலாம். 70 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்பது கம்பெனி கணக்கு. இத்தனையும் 13 லட்சத்துக்கு என்றால் யாருக்குத்தான் கை நீளாது?

ஆனால் இதே லேண்ட் ரோவர் வகையில் 1970-ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரில் இருந்தது ரெக்சின் சீட்டும் தண்ணீர் அடித்துக் கழுவுகிற தரையும்தான். சொகுசெல்லாம் பிற்பாடு சேர்ந்தது. இந்த வண்டிகளுக்கு வயதாகும்போது முதலில் படுத்துவதும் அப்படிப் பிற்பாடு சேர்ந்ததுதான்.

உங்களை மயக்கிய பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் காற்று நிரம்பிய ரப்பர் பைகள், அவற்றுக்குக் காற்று கொடுக்க ஒரு கம்ப்ரஸர், உயரம் பார்க்க மூலைக்கொரு சென்சார். வயதாக ஆக ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். ஓடி ஓடி அது சூடாகிப் படுத்துவிடும். பையை மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் கோளாறு என்று எழுத்து வந்த நாளில் வண்டி நினைத்தபடி ஏறி இறங்காது, உருட்டிக்கொண்டுதான் ஊர் வந்து சேர வேண்டும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற காலையில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்? அதற்காகத்தான் ஸ்விஃப்ட் வீட்டிலேயே நிற்கட்டும் என்றேன்.

68,000 கிலோமீட்டர் என்பதை வியாபாரி ஒரு பெருமையாகச் சொல்லியிருப்பார். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். ரப்பர், பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், ஒயர் இணைப்பு, ஆயில் சீல் இவற்றுக்கெல்லாம் வருடம்தான் கணக்கு. ஷெட்டில் சும்மா நின்ற வண்டியிலும் இவை கெடும். தென்னந்தோப்புச் சாளையில் நிறுத்தினால் எலி வேறு ஒயரைக் கடிக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் மாதம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றி, பில்லும் பத்திரமாக இருக்கிற ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டி கிடைத்தால் இதைவிட அதையே நான் முதலில் பார்ப்பேன்.

இன்ஜினில் உள்ள பயம் கொஞ்சம் பெரிது. இந்த வி6 டீசலில் இன்ஜினின் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங் இடம் மாறிச் சுற்றிக்கொள்வதும், சில வண்டிகளில் அந்த ஷாஃப்டே உடைவதும் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். எல்லா வண்டியிலும் நடப்பதில்லை. நடந்தால் இன்ஜினே போனது. பெரும்பாலும் முன்கூட்டி எதுவும் சொல்லாமல்தான் போகும். அதனால் கம்பெனி சொல்கிற இடைவெளியில் பாதியிலேயே ஆயில் மாற்றுவது இந்த வண்டியை விரும்பி வைத்திருப்பவர்களின் பழக்கம். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வருட வரம்பும் உண்டு, ஆகவே இந்த வயதில் அது மாற்றியே இருக்க வேண்டும். முன்னால் இருப்பது மட்டும் அல்ல, டீசல் பம்பை ஓட்ட இன்ஜினின் பின்பக்கம் இன்னொரு பெல்ட் இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுவார்கள். டர்போ வேலை வந்தால், பாடியையே சேஸிலிருந்து தூக்கி வைத்துவிட்டுச் செய்கிற பட்டறைகள் உண்டு. அது சுலபம் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்றால், மற்ற வழி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு தைரியம் உண்டு. லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, மோட்டாருக்குக் கோயமுத்தூர், எது உடைந்தாலும் லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று. புஷ், பின், பிராக்கெட் வரைக்கும் அது சரிதான். ஆனால் இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கே ஒரு மோட்டாரும் மாட்யூலும்தான். அதை மாற்றினால் கம்ப்யூட்டரில் இணைத்துப் பழக்க வேண்டும். அதற்கு லேண்ட் ரோவருக்கு என்றே உள்ள ஸ்கேனர் வேண்டும், பொது ஸ்கேனர் பாதி விஷயத்தைத்தான் காட்டும். அந்த ஸ்கேனர் வைத்திருக்கிற, கம்பெனிக்கு வெளியே வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கை வண்டிக்கு முன்பே தேடிப் பிடியுங்கள். அவர் கிடைக்காவிட்டால் வண்டி வேண்டாம்.

மச்சான் சொல்கிற ஃபார்ச்சூனரில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. காயில் ஸ்பிரிங், மூன்று லிட்டர் நான்கு சிலிண்டர் டொயோட்டா இன்ஜின். தாராபுரத்திலோ பெருந்துறையிலோ யாராவது கழற்றிப் பூட்டிவிடுவார்கள். விற்கும்போதும் விலை நிற்கும். அப்பா ஏறுவதற்குப் பக்கவாட்டில் தாழ்வான படி ஒன்று போட்டால் போதும். பின்சீட்டில் தூக்கிப் போடும், அதை மறைக்கப் போவதில்லை. ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பார்க்கவும் தோன்றாது. இருந்தும், வீட்டுக்கு ஒரே ஒரு வண்டி என்றால் மச்சான் பேச்சையே கேளுங்கள்.

ஸ்விஃப்டும் இருக்கும், 13 லட்சமும் இருக்கும், அதற்கு மேல் நான்கு லட்சத்தை இன்னொரு போர்வெல் ஓட்ட வைத்திருப்பதைப்போலத் தொடாமல் வைக்க முடியும் என்றால், டிஸ்கவரியை எடுங்கள். ஆசைக்கு வாங்குகிற வண்டிக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வியாபாரியிடம் ஒரு ராத்திரி கேளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் பை செலவை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினை நீங்கள் நேரில் இருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று மெக்கானிக் பார்க்கட்டும்.

சென்னைப் பதிவு என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே விலையுயர்ந்த கார்கள் நிறைய மூழ்கின. கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டு ரெயிலில் துரு இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள பிளக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வருட இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் குடித்த வண்டி என்றால் 3 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்சூரன்ஸை நம்பி மனக்கணக்குப் போடாதீர்கள். தேய்மானத்தால் போகிற கம்ப்ரஸருக்கும் கிராங்குக்கும் அது பணம் தராது. விபத்திலும், ரிப்பேர் செலவு வண்டிக்குப் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். லேண்ட் ரோவர் ஸ்பேர் விலைக்கு அந்த எல்லை ஒன்றும் தூரம் இல்லை.

கடைசியாக ஆர்.சி. 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிகிறது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் வரும். சாதாரணக் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் 40,000. ஆர்.சி.யில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் தொகையை விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள்.