கிட்னி மாற்றிய அப்பாவுக்கு யூரின் கல்ச்சரில் இ.எஸ்.பி.எல்: மருந்து தேவையா?

இ.எஸ்.பி.எல் என்பது பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி வகை. காய்ச்சல், எரிச்சல் இல்லை, கிட்னி வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினினும் ஏறவில்லை என்றால் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் என்கிறீர்கள். ஒரு மாதம் தாண்டியவர்களுக்கு அறிகுறியில்லாத சிறுநீர்க் கிருமிக்கு மருந்து வேண்டாம் என்பதே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். கொடுத்தால் மருந்துக்கு இன்னும் மசியாத கிருமி மிஞ்சலாம்.

மாதிரியிலேயே கோளாறு இருக்கலாம். நீங்கள் அரூரில் பிடித்த யூரின் பஸ்ஸில் தருமபுரி லேபுக்குப் போவதற்குள் கிருமி பெருகிவிடும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேபிலேயே பிடித்துக் கொடுங்கள்.

ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய்க்குள் வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுத்தாயிற்றா? கிருமி தங்க அதுவும் காரணமாகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். மறந்துபோவது உண்டு.

100.4 டிகிரி காய்ச்சல், புதுக் கிட்னி மேல் வலி, யூரின் குறைவு, இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட வேண்டாம். புதுக் கிட்னியை உடல் ஒதுக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு எகிறி கிட்னியையே கெடுக்கும்.