காருக்கு ஃபைபர்கிளாஸில் சவுண்ட் பாக்ஸ் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் இந்த ஒரு வரியைத் தவிர வேறு விவரம் தரவில்லை. அதனால் நானே எடுத்துக்கொள்கிறேன்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சட்ஸ்வர்த்தோ ஃபீனிக்ஸோ, இருபத்தைந்து வயதுக்குள், கையில் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் அல்லது போலோ கார். டிக்கியில் மரப்பெட்டியை வைத்தால் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. சத்தத்தைப் பற்றி அம்மா ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருக்கிறார். சரிதானே தம்பி? தங்கையாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் கை பழகியவன். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்து, மச்சானின் டிங்கரிங் பட்டறையில் இருக்கிறேன். இங்கே ஒரு சவுண்ட் கடைக்காரர், "படகுக்காரனுக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

தொடங்க வேண்டியது ரெசின் (கண்ணாடி இழையில் ஊறி இறுகும் பிசின்) விற்கும் கடையில் இல்லை, முகமூடியில். கொரோனாவுக்குப் போட்ட துணி மாஸ்க் எதற்கும் உதவாது. ரசாயன ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும். பாலியெஸ்டர் ரெசினின் அந்த வாடை ஸ்டைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் அதை "புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது" என்ற வகையில் சேர்த்தது. கண்ணாடியும் கட்டாயம். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். "நாங்கள் வெறுங்கையால் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத வரும் பெரியவர்களுக்கு என் வணக்கம். அப்படிச் சொன்ன எங்கள் ஊர் மேஸ்திரிகள் இருமின இருமல் எனக்குத் தெரியும்.

மச்சான் மகன், என் மருமகன், சிட்டி கோல்ஃப் வைத்திருக்கிறான். 1984 முதல் 2009 வரை இந்த நாட்டிலேயே செய்து விற்ற வண்டி, தெருவுக்கு நான்கு பார்க்கலாம். டிக்கியின் இடது மூலையில், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஒரு பத்து இஞ்ச் சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) உட்கார வேண்டும், டிக்கியும் காலியாக இருக்க வேண்டும் என்றான். கடைக்காரர் மரப்பெட்டிதான் முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் என்னிடம் வந்தான்.

முதலில் வண்டியின் உட்பக்கம் முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினோம். அந்த மூலையில் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, மேலே அலுமினியத் தாள், அதன்மேல் மெழுகு. இந்த வேலையில் சோம்பல் பட்டால் பாக்ஸ் வண்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ரம்பம்தான். எல்லாக் கதவும் திறந்திருக்க, ரெசினில் நனைத்த இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மட்டும் உள்ளே போட்டோம். மறுநாள் இறுகிய அந்த ஓடு முழுவதையும் வெளியே உருவியெடுத்து, மீதி அடுக்குகளை முற்றத்தில் போட்டோம். அப்படியும் வண்டியில் வாடை போக நாளாயிற்று.

மேட் போடுவதை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தால் பாதி வித்தை வந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட்டில் ரெசினைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, குத்திக் குத்தி வைக்க வேண்டும். தேய்த்தால் இழை சுருண்டு பிரஷ்ஷோடு வந்துவிடும். சற்று நேரத்தில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை கரைந்து, வெள்ளை போய் கண்ணாடி மாதிரி ஆகும். அப்புறம் உலோக ரோலரை ஓட்டினால் உள்ளே மாட்டிய காற்று பொடிப்பொடிக் குமிழாக ஓரத்துக்கு நகரும். வெள்ளைத் திட்டு எங்கே நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது, பிற்பாடு அங்கேதான் பாக்ஸ் அதிரும். ரெசின் கப் கையில் வெதுவெதுவென்று ஆனால் அதோடு நிறுத்துங்கள். அது கெட்டியாகப் போகிறது, இன்னும் நான்கு தடவு தடவலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

கலவைக் கணக்கு: 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். டர்பன் வெயிலுக்கு 1 போதும், அதற்குக் கீழே போகாதீர்கள். துளி எண்ணாமல் சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு நேரத்துக்கு 300 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கப்பில் குவிந்த ரெசின் தன் சூட்டிலேயே புகையும். ஊரில் கோபால்ட் என்று, இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரைத் தனி பாட்டிலில் தருவார்கள். ரெசினில் அது கலந்தே வருவதும் உண்டு. வாங்கும்போதே கேளுங்கள். தனியாகத் தந்தால் முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும், விளையாட்டில்லை.

"எபாக்சிதான் உசத்தி" என்று இன்னொரு வகை ரெசினைச் சொல்லி ஒரு கூட்டம் வரும். பலம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண மேட்டின் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. அதற்கு நெய்த துணி வேண்டும், விலையும் கூட. இந்த ஊரில் சர்ஃப்போர்டும் மீன்பிடி படகும் செய்கிறவர்கள் நிறைய, அதனால் இரண்டும் கிடைக்கும். கற்றுக்கொள்ள பாலியெஸ்டர் போதும். ஒன்று மட்டும்: அச்சுக்குத் தெர்மாகோலை வைத்து அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் தடவாதீர்கள். ஐஸ்கிரீம் மாதிரி உருகிவிடும்.

ஓடு தயாரானதும் 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் ஸ்பீக்கர் உட்காரும் வளையம் அறுத்து, குச்சிகள் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஸ்டேப்பிள் அடித்து ரெசினில் ஊறவைத்தோம். துணி இறுகியதும் ஸ்பீக்கர் ஓட்டை வழியாக உள்ளே மணிகளைக் கொட்டி, அதை லிட்டர் வாளியில் அளந்தோம். என் மனைவி அரிசி தர மறுத்ததால் பழைய பீன்பேக்கின் உள்மணிகள்! ஸ்பீக்கரோடு வந்த தாள் 18 லிட்டர் கேட்டது. ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே இடம் பிடிக்கும், அடுத்து வரும் மேட்டும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நல்லது. பிறகுதான் துணியின் உட்புறம் மேட். எல்லாம் சேர்ந்து 6 மில்லிமீட்டர் கனமாவது வர வேண்டும். தட்டையான பகுதிக்கு இன்னும் கூட்டுங்கள். வளைவு தானாகவே விறைப்பு, தட்டைதான் அதிரும்.

மூடிய பாக்ஸ் என்பதால் காற்று கசிகிறதா என்று பார்க்க ஸ்பீக்கர் கூம்பை விரலால் மெல்ல அழுத்தினேன். மெதுவாகத் திரும்பி வந்தது, அதாவது கசிவு இல்லை. பாட்டைப் போட்டதும் பையன் ஒன்றும் பேசவில்லை, கடைக்காரருக்கு வீடியோ அனுப்பினான். பதில் வரவில்லை.

மரப்பெட்டியைவிட இதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அளவு ஒன்றாக, சுவர் விறைப்பாக இருந்தால் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். லாபம் இடத்திலும் அழகிலும். இடம் பிரச்சினை இல்லாதவர் சந்தோஷமாக மரப்பெட்டியே போடலாம்.

உங்கள் முதல் வேலை டிக்கி மூலையாக இருக்க வேண்டாம். ஒரு பலகையில் ஆறு இஞ்ச் கதவு ஸ்பீக்கருக்குச் சின்னக் கூடு செய்து பாருங்கள். ஜூன், ஜூலையில் செய்யுங்கள். இங்கே குளிர்காலம் என்றாலும் பகலில் 22, 23 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் குறைவு. ஜனவரி, பிப்ரவரி ஈரத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாமல் பிசுபிசுக்கும்.

அந்த மாதங்களைச் சொன்னதும் வயிறு எரிகிறது. தைப்பூசக் காவடிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஒரு கோயில் கமிட்டிக்காரர்கள் ரதத்தின் ஃபைபர் மயிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கழுத்து உடைந்திருக்கும். ரெசின் காசைக் கேட்டால், "முருகனுக்குச் செய்யறதுக்கு காசா அண்ணா?" என்பார்கள். முருகனுக்கு நான் செய்யத் தயார். ஆனால் பூக்காரருக்குக் காசு, பந்தலுக்குக் காசு, ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணமே உண்டு. ஃபைபர் வேலை மட்டும் எப்படிக் காணிக்கை ஆயிற்று? கமிட்டியில் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும். அந்த மயிலின் கால் இன்னும் பலவீனம்தான், கீழே வைக்கும்போது பார்த்து வையுங்கள்.

சரி, உங்கள் விஷயம். பத்து இஞ்ச் மூலை பாக்ஸுக்கு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் 4 சதுர மீட்டர், ரெசின் 5 கிலோ போதும். இறுகிய பாக்ஸை உப்புத்தாளால் தேய்க்கும் அன்று முழுக்கைச் சட்டை போட்டு, கையில் முகப்பவுடர் பூசிக்கொள்ளுங்கள். அரித்தால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். மூலையை மூடும் முன் பின்விளக்கு பல்பைக் கழற்றக் கை போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் பாக்ஸைத் திருகாணி போட்டுக் கழற்றும்படி வையுங்கள்.