வண்ணச் சக்கரம் போதுமா? முப்பரிமாண மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

வண்ணச் சக்கரம் கையில் இருக்கும்போது முப்பரிமாண மாதிரி எதற்கு?

பழுப்பு நிறத்தைச் சக்கரத்தில் தேடிக் காட்டும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். திணறிப்போவார்கள். பழுப்பு என்பது செறிவு குறைந்த, இருண்ட ஆரஞ்சு. ஆனால் இருள் என்ற திசையே சக்கரத்தில் கிடையாது. ஒரு நிறத்தைச் சரியாகச் சொல்ல மூன்று விவரங்கள் வேண்டும்: சாயல் (சிவப்பா, மஞ்சளா, நீலமா), வெளிர்வு (எவ்வளவு வெளிர் அல்லது இருள்), செறிவு (சாம்பல் கலக்காமல் எவ்வளவு தூயது). மூன்றையும் தட்டையான தாளில் அடக்க முடியாது.

கோளம், கூம்பு, கனசதுரம், மரம் என்று பல வடிவங்கள் இருக்கின்றன. வகுப்புக்கு எது நல்லது?

தயங்காமல் மரத்தைத்தான் சொல்வேன். ஜெர்மானிய ஓவியர் ரங்கே 1810இல் வெளியிட்ட வண்ணக் கோளம் பார்க்க அழகானது: உச்சியில் வெள்ளை, அடியில் கறுப்பு, பூமத்திய ரேகை போன்ற நடுக்கோட்டில் சுற்றிலும் தூய நிறங்கள். சிக்கலும் அந்த நடுக்கோட்டில்தான். மஞ்சளும் நீலமும் அங்கே ஒரே உயரத்தில் நிற்கின்றன. நம் கண்ணுக்கோ மஞ்சள் மிக வெளிர், நீலம் மிக இருள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செலும் கோளத்தில்தான் தொடங்கினார். நிறங்கள் அதற்குள் அடங்கவில்லை. அப்படித்தான் அவரது மாதிரி மரமானது: நடுத்தண்டு கறுப்பு முதல் வெள்ளை வரையான சாம்பல், உயரம் வெளிர்வு, தண்டிலிருந்து நீளும் கிளை செறிவு. ஒவ்வொரு சாயலுக்கும் கிளையின் நீளம் வேறு, அது முழு நீளத்தை எட்டும் உயரமும் வேறு. 0 முதல் 10 வரையான அவரது வெளிர்வு அளவில், மஞ்சள் 8 அருகே உச்சச் செறிவை அடைகிறது. நீலம் அதற்கு வெகு கீழே. இந்தக் கோணல் வடிவத்தைக் குறை என்று நினைக்காதீர்கள். மாணவர் கற்க வேண்டிய பாடமே அதுதான்.

மாணவர்களே இதைச் செய்ய முடியுமா?

அவசியம் செய்யட்டும். முதலில் வண்ணமே வேண்டாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே ஒன்பது சாம்பல் படிகள் போதும். கறுப்பையும் வெள்ளையையும் சம அளவு கலந்தால் நடுச் சாம்பல் வராது, இருண்டுதான் வரும். ஆகவே அளவுக் கரண்டியை நம்பாமல் கண்ணால் பார்த்துக் கலக்கட்டும்.

அடுத்து, ஒரு சிவப்புத் துண்டை அந்தச் சாம்பல் பட்டையின் மேல் வைத்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்க்கும்போது எந்தப் படியில் இரண்டுக்கும் இடையிலான விளிம்பு மங்குகிறதோ, அதுவே சிவப்பின் உயரம். பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்த்ததைவிட இருண்ட படியில் வந்து நிற்கும். செறிவு மிகுந்த நிறம் தன்னை வெளிர்நிறமாகக் காட்டி ஏமாற்றும். இந்தப் பயிற்சிக்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம்.

கணினியில் மஞ்சள், நீலம் இரண்டுக்கும் பிரகாசம் 100 என்றே வருகிறதே?

அந்த எண் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளில் எது அதிகமோ அதை மட்டும் சொல்கிறது. கண் உணரும் வெளிர்வை அல்ல. கண் உணர்வதை ஒட்டி வெளிர்வை 0 முதல் 100 வரை அளக்கும், 1976இல் வந்த லேப் (Lab) முறையில் அதே திரை மஞ்சளுக்கு வெளிர்வு ஏறத்தாழ 97, நீலத்துக்கு 32. இரண்டு எண்களையும் அருகருகே காட்டினாலே மாணவர்களுக்கு விளங்கிவிடும்.

சிவப்பில் வெள்ளை சேர்த்தால் மரத்தில் எந்தப் பக்கம் போகிறோம்?

மேலேயும் நடுத்தண்டை நோக்கியும். ஆனால் நேர்கோட்டில் அல்ல. பல சிவப்புகள் வெள்ளை சேரச் சேர நீலத்தின் பக்கம் சற்றே சாயும். அதனால்தான் எதிர்பார்த்த இளஞ்சிவப்பு கிடைக்காமல் குளிர்ந்த ரோஜா நிறம் வருகிறது. துளி ஆரஞ்சு சேர்த்தால் பழைய சாயலுக்குத் திரும்பிவிடலாம்.