ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மகளுக்கு வலி தீரவில்லை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு எட்டு மாதமாக இடுப்பிலும் கால்களிலும் வலி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக உள்ளன. பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. நடிக்கிறாள் என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்வது?"

முதலில் உங்கள் மகளின் வலியை நம்புங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம்; உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே உண்டு. நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிய கூருணர்வு நிலையில் தங்கிவிடும்போது, சாதாரண அசைவைக்கூட மூளை ஆபத்தாக எடுத்துக்கொண்டு வலியை எழுப்புகிறது. ஸ்கேனில் இது தெரியாது.

இந்த வயதினரிடம் நான் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமையில், விட்டுப்போன ரெக்கார்டு நோட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி, துணி துவைத்து, தோழியின் வீட்டுக்கும் போய் வருவார்கள். அடுத்த இரண்டு நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியாது. ஆகவே எவ்வளவு செய்வது என்பதை வலி தீர்மானிக்கக் கூடாது, கடிகாரம் தீர்மானிக்கட்டும். பத்து நிமிடம் தாங்குமானால், வாய்க்கால் கரையில் நாள்தோறும் பத்தே நிமிடம் நடக்கட்டும். நல்ல நாளில் கூட்டவும் வேண்டாம், வலி மிகுந்த நாளில் அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம். அதனால் உடலுக்குக் கேடு விளைகிறது என்று பொருளில்லை. பிசியோதெரபி நிபுணர் உடனிருந்தால் அச்சம் குறையும்.

பள்ளியையும் இவ்வாறே அணுகுங்கள். வகுப்பாசிரியரிடம் பேசி, முதலில் காலை வகுப்புகளுக்கு மட்டும் தவறாமல் அனுப்புங்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்க அனுமதி கேளுங்கள். மாலையில் "வலி எப்படி இருக்குது கண்ணு?" என்று தொடங்காமல், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். வலியைத் திரும்பத் திரும்ப விசாரிப்பது, அன்பினால்தான் என்றாலும், அவள் கவனத்தை அதிலேயே கட்டிப்போடும். வலியோடு வரும் அச்சத்தையும் சோர்வையும் கையாள உளவியல் ஆலோசனை உதவும். உறங்கும் நேரமும் எழும் நேரமும் மாறாதிருக்கட்டும். மருந்துக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து கொடுக்காதீர்கள்.

காய்ச்சல், எடை குறைவு, மூட்டு வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி ஆகியவற்றில் எது புதிதாகத் தோன்றினாலும், பழைய ஸ்கேனை நம்பியிராமல் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். கால்கள் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.