இலவசமாக வரும் வெளிநாட்டுக் கணக்குப் புத்தகத்தை அப்படியே வைக்கலாமா?

கேள்வி: தொடக்கநிலைப் பாடநூல் குழுவில் இருக்கும் ஆசிரியர் நான். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வில் முன்னணியில் நிற்கும் சீனப் பகுதிகளின் கணக்குப் புத்தகங்களை வெளிநாட்டு அமைப்பு ஒன்று இலவசமாகத் தருகிறது. தமிழில் மொழிபெயர்த்து அப்படியே வைத்துவிடலாமா?

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே வைக்க வேண்டாம். 2000 முதல் நடக்கும் பீசா, 15 வயது மாணவர்களைச் சோதிக்கிறது. அந்த வயதுக்குள் பல வருடப் படிப்பு, ஆசிரியரின் பயிற்சி, வீட்டுச் சூழல் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. தேர்ச்சியின் பெருமையைப் புத்தகத்துக்கு மட்டும் கொடுக்க முடியாது.

ஒரே ஒரு எண்ணை எடுத்துப் பாருங்கள். சீன மொழியில் 93 என்பது 'ஒன்பது பத்து மூன்று'. பெயரைச் சொன்னாலே இடமதிப்பு தெரிந்துவிடும். தமிழில் அது தொண்ணூற்று மூன்று. சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது. 900-க்குப் போனால் தொள்ளாயிரம், அதில் ஆயிரம் ஒலிக்கிறது. காதால் கேட்டு எழுதும் குழந்தை 93-ஐ 103 என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று திட்டக் கூடாது. இந்தத் தடுமாற்றத்துக்கு அந்தப் புத்தகத்தில் பாடம் இருக்காது, அங்கே அது தேவையும் இல்லை. எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளராலும் மூலத்தில் இல்லாத பாடத்தைக் கொண்டுவர முடியாது. அதை உங்கள் ஆசிரியர்கள்தான் எழுத வேண்டும்.

அதற்கு ஒப்பந்தம் இடம் தருகிறதா? பக்கங்களை நீக்க, சேர்க்க, வரிசையை மாற்ற உரிமை வேண்டும். 'மொழிபெயர்ப்பு உரிமை' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், புத்தகத்தைவிட ஆசிரியர்களின் நேரத்தைக் கேளுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். 2014-இல் இங்கிலாந்து, ஷாங்காய் கணக்கு ஆசிரியர்களைத் தன் பள்ளிகளுக்கே வரவழைத்தது. அவர்கள் வகுப்பெடுக்க, உள்ளூர் ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். கென்யா 1998-இல் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவுடன் சேர்ந்து தொடங்கிய திட்டமும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சிதான். சில மாவட்டங்களில் தொடங்கி நாடு முழுவதும் போனது. ஒரு பாடத்தை எங்கே நிறுத்தி, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

சரி, அச்சிடும் முன் சில பள்ளிகளில் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் திணறினார்கள் என்று ஆசிரியர்கள் அன்றன்றே ஓரத்தில் குறித்து வைக்கட்டும். திட்டம் முடிந்த மறுவருடம் அச்சுச் செலவு யாருடையது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.