டிபிடிபிஎஸ் குளோரைடு (டெர்ட்-பியூட்டைல்டைபீனைல்சிலைல் குளோரைடு, ஆல்கஹால்மேல் தற்காலிகக் காப்பாகச் சிலைல் தொகுதியை ஏற்றும் வினைபொருள்): ஆய்வகக் கேள்வி பதில்

கேள்வி: ஓரிணையம், ஈரிணையம் என இரண்டு ஆல்கஹாலும் உள்ள டையால். ஓரிணையத்தில் மட்டும் சிலைல் ஏற்ற என்ன அளவு?

பதில்: 10 மில்லிமோல் டையாலுக்கு இமிடசோல் 1.5 கிராம், உலர்ந்த டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்) 20 மிலி. 0 டிகிரியில் டெர்ட்-பியூட்டைல்டைபீனைல்சிலைல் குளோரைடு 2.73 மிலி (1.05 சமானம்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளைப் படிவு விழும். அது இமிடசோல் ஹைட்ரோகுளோரைடு, பயம் வேண்டாம். சிலிக்கானைச் சுற்றி இரண்டு பீனைலும் டெர்ட்-பியூட்டைலும் அடைத்துக்கொண்டிருப்பதால் ஈரிணைய ஓஎச் பக்கம் மெதுவாகத்தான் போகும். டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பான் வேகத்தைக் கூட்டும். டையாலுக்கு அந்த வேகம் ஆகாது. டிஎல்சியில் (மென்படல நிறப்பகுப்பு) டையால் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டுகிறதே?

பதில்: மீந்த குளோரைடு நீர்பட்டு சிலனால் (சிலிக்கானில் ஓஎச் உள்ள சேர்மம்) ஆகியிருக்கும். அதுவும் யூவியில் தெரியும், பல நேரம் பொருளோடு ஒட்டியே ஓடும். என்எம்ஆரில் 1.05 பிபிஎம் அருகே டெர்ட்-பியூட்டைல் 9 ஹைட்ரஜனுக்கு மேல் வருகிறதா, பக்கத்திலேயே இன்னொரு கூர்முனை நிற்கிறதா பாருங்கள். பிரிய மறுத்தால் அடுத்த படிக்குக் கொண்டுபோய் அங்கே பிரிப்பதே மேல்.

கேள்வி: மூவிணைய ஆல்கஹால், 60 டிகிரியிலும் ஏறவில்லை.

பதில்: ஏறாது. அதற்குப் பதில் சிறிய சிலைலான டிபிஎஸ்ஸை (டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலைல்) ஏற்றுங்கள்: டிபிஎஸ் டிரைஃப்ளேட், 2,6-லூட்டிடின், டிசிஎம், 0 டிகிரி.

கேள்வி: ஒரே மூலக்கூறில் டிபிஎஸ்ஸும் இருக்கிறது. அதை மட்டும் எடுக்கலாமா?

பதில்: அமிலத்தில் எடுக்கலாம். டிஎம்எஸ்ஸின் (டிரைமெத்தில்சிலைல்) அமிலத் தாங்குதிறனை 1 என்று வைத்தால் டிபிஎஸ் சுமார் 20,000, டிபிடிபிஎஸ் சுமார் 50 லட்சம். ஹனெசியனும் லவாலேயும் 1975இல் டிபிடிபிஎஸ் தொகுதியை அறிமுகம் செய்தபோது காட்டிய அனுகூலமே இதுதான். மெத்தனாலில் 0.1 சமானம் கேம்பர்சல்ஃபோனிக் அமிலம், 0 டிகிரி. ஓரிணைய டிபிஎஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோரைடு பக்கமே போகாதீர்கள், இரண்டும் கழன்றுவிடும்.

கேள்வி: சிலைலைக் கழற்ற டிபிஏஎஃப் (டெட்ராபியூட்டைல் அமோனியம் ஃப்ளோரைடு) போட்டதும் பக்கத்து அசிட்டேட் இடம் மாறிவிட்டது.

பதில்: டிபிஏஎஃப் நல்ல காரம். சிலைல் கழன்றதும் பிறக்கும் ஆல்காக்சைடு அருகிலுள்ள எஸ்டரைத் தாக்கி, அசைல் தொகுதியைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. சம மோல் அசிட்டிக் அமிலத்தை டிபிஏஎஃப்போடு முதலில் கலந்துவிட்டு அதன்பின் சேருங்கள். வினை மந்தமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிபிஏஎஃப்புக்குப் பதில் எச்எஃப்-பிரிடின் (ஹைட்ரஜன் ஃப்ளோரைடு-பிரிடின்) என்றால் பிளாஸ்டிக் பாத்திரம் மட்டும்; கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பொருள் நீரில் கரைகிறது, டிபிஏஎஃப் விட்டுச்செல்லும் டெட்ராபியூட்டைல் அமோனியம் உப்பை எப்படிக் கழுவுவது?

பதில்: கழுவவே வேண்டாம். கபுராகியும் கிஷியும் 2007இல் தந்த வழி இருக்கிறது: கால்சியம் கார்பனேட், டோவெக்ஸ் 50 அமிலப் பிசின், மெத்தனால் மூன்றையும் வினைக்கலவையிலேயே போட்டு ஒரு மணி நேரம் கலக்கி, செலைட்டில் (வடிகட்டும் தூள்) வடிகட்டி ஆவியாக்குங்கள். உப்பு பிசினிலும், ஃப்ளோரைடு கால்சியத்திலும் தங்கிவிடும்.