கணக்கு கேள்வி-பதில்: மட்டுக்குறியைத் தூரமாகப் படிப்பது எப்படி?

|ப − 3| < 5 என்பதற்கு −2 < ப < 8 எழுதினால் சரி. |ப − 3| > 5 என்பதற்கு 8 < ப < −2 எழுதினால் மதிப்பெண் இல்லை. ஏன்? (பிளஸ் ஒன் மாணவி, தேனி)

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்: ப என்பது 8-ஐ விடப் பெரியது, அதே ப −2-ஐ விடச் சிறியது. அப்படி ஓர் எண்ணே கிடையாது. இரட்டை அசமன்பாடு என்றாலே நடுவில் ‘மற்றும்’ இருக்கிறது. உங்களுக்கு இங்கே வேண்டியது ‘அல்லது’.

|ப − 3| என்றால் எண்கோட்டில் 3-லிருந்து ப இருக்கும் தூரம். அது 5-க்கும் குறைவு என்றால், 3-க்கு இருபுறமும் 5 அலகுக்குள் ப இருக்க வேண்டும். 3 − 5 = −2, 3 + 5 = 8. விடை (−2, 8), அதாவது −2-க்கும் 8-க்கும் இடையிலுள்ள எல்லா எண்களும், முனைகள் நீங்கலாக. தூரம் 5-க்கு மேல் என்றால் இடப்பக்கம் −2-ஐத் தாண்டியவையும் வலப்பக்கம் 8-ஐத் தாண்டியவையும் தனித்தனித் துண்டுகள்: (−∞, −2) ∪ (8, ∞). நடுவிலுள்ள ∪ இரு துண்டுகளையும் சேர்க்கும் குறி. எழுதி முடித்ததும் 0-ஐப் போட்டுப் பாருங்கள். |0 − 3| = 3; அது 5-ஐ விடப் பெரியதல்ல. ஆகவே 0 விடைக்குள் வரக் கூடாது, வரவும் இல்லை.

≤, ≥ இருந்தால் அந்த முனையும் விடையில் சேரும், அதற்குச் சதுர அடைப்பு [ ]. முடிவிலிக்கு (∞) எப்போதும் பிறை அடைப்புதான், ( ). அது எண் அல்ல, அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது. (−2, 8) என்பது ஆயத்தொலைவுப் புள்ளி போலத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம், இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். பிரெஞ்சுப் பாடநூல்களில் இதையே ]−2, 8[ என்று எழுதுவதால் அந்தக் குழப்பம் இல்லை.

|2ப + 7| ≤ 3 என்பதில் தூரம் எங்கே இருக்கிறது? (பிளஸ் ஒன் மாணவர், திருச்சி)

ப-வின் கெழு 1 ஆகும்வரை மையம் தெரியாது. மையம் −7, தூரம் 3 என்று எடுத்து [−10, −4] எழுதுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. முதலில் 2-ஐ வெளியே எடுங்கள்: 2|ப + 3.5| ≤ 3, அதாவது |ப + 3.5| ≤ 1.5. கூட்டல் குறி இருந்தால் ப − (−3.5) என்று மாற்றி எழுதுங்கள், மையம் −3.5. விடை [−5, −2]. இரு முனைகளையும் போட்டால் −3, 3 வரும். இரண்டுக்கும் மட்டு மதிப்பு 3.

|7 − 2ப| ≤ 3 என்று வந்தால் வெளியே வருவது −2 அல்ல, |−2| = 2. மிகை எண்ணால்தான் வகுக்கிறோம், அதனால் அசமன்பாட்டுக் குறியைத் திருப்பக் கூடாது. பழக்க தோஷத்தில் பலர் திருப்பிவிடுகிறார்கள்.

வரைபடத்தில் 25 ± 0.05 மி.மீ. என்று இருப்பதும் இதுதானா? (டர்னர் பயிற்சி மாணவர், கோவை)

இதேதான். |விட்டம் − 25| ≤ 0.05, இடைவெளி [24.95, 25.05]. இடைவெளியிலிருந்து மட்டுக்குறிக்குத் திரும்ப, முனைகளைக் கூட்டிப் பாதியாக்கினால் மையம், கழித்துப் பாதியாக்கினால் தூரம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அது |வெப்பநிலை − 5| ≤ 3.

கவனம் தேவைப்படுவது இருபக்கமும் சமமில்லாத சகிப்பளவில் (அளவு கூடவோ குறையவோ அனுமதிக்கப்படும் வரம்பு). 25 என்று போட்டு மேலே +0.02, கீழே −0.06 இருந்தால் இடைவெளி [24.94, 25.02]. மையம் 25 அல்ல, 24.98. எனவே |விட்டம் − 24.98| ≤ 0.04. 25-ஐயே மையமாக வைத்து 0.06 எழுதினால், 25.05 மி.மீ. தண்டும் தேறிவிடும், துளைக்குள் அது இறுகிக்கொள்ளலாம்.

|ப + 4| < −1 என்பதற்கு விடை என்ன? (ஒரு பெற்றோர், மதுரை)

வெற்றுக் கணம். தூரம் குறை எண்ணாக இருக்காது. குறியை > என்று மாற்றினால் எல்லா மெய்யெண்களும் விடை. ≤ 0 என்றால் −4 மட்டும். > 0 என்றால் −4 தவிர எல்லாம். இந்தக் கடைசி வகையை அலட்சியம் செய்ய வேண்டாம்: 0 < |ப − 3| < 5 என்பதன் விடை (−2, 3) ∪ (3, 8). மையம் மட்டும் விடுபட்ட இந்த வடிவம்தான், சார்பின் எல்லையை வரையறுக்கும்போது மறுபடி வரும்.